முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள்

2020ஆம் ஆண்டு முழுக்க என் அக்கா மகனை நான் முதுகுப் பக்கமாகத்தான் பார்த்தேன். ஊரடங்குக் காலம். நாகர்கோவிலில் அக்கா வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் பதிமூன்று வயதுப் பையனின் பிடரி, முடிவெட்டும் கடைகள் மூடிக் கிடந்ததால் காதை மூடி வளர்ந்த முடி, தோளுக்கு மேல் தெரியும் செல்போன் வெளிச்சம். பள்ளிக்கூடம் ஆன்லைனுக்குப் போனதும் அக்கா சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கித் தந்த போன் அது. பகலில் அதில் வகுப்பு நடக்கும். இரவில் அதே போனில், அதே நாற்காலியில், பப்ஜி.

அந்த வழியாகப் போகிற எல்லாரும் அந்த முதுகிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போவோம். “கண்ணு போயிரும்லே” என்பாள் அக்கா. “இன்னுமா அத வைக்கல?” என்று அத்தான் கேட்பார். அவன் திரும்பாமலே “மேட்ச் முடியட்டும்மா” என்பான். அது சாக்கு என்றே நினைத்தோம். நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள், ஆட்டம் அரை மணி நேரம் போகும், நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை, நால்வர் அணியில் ஒருவன் போனை வைத்துவிட்டால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள் என்பதெல்லாம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவனுக்குச் சைக்கிள் பழக்கியபோது தெரு முனை வரை கூடவே ஓடியவன் நான். இந்த விளையாட்டின் பெயரைக்கூடச் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போனிலிருந்து குரல்கள் வரும். “கெதியா வாடா தம்பி” என்று ஒரு யாழ்ப்பாணத்துக் குரல். “செத்துராதிங்கண்ணா, அங்கயே கெடங்க, நான் வாரேன்” என்று இவன் வேறு யாரிடமோ சொல்வான். யார் அந்த அண்ணன், யார் அந்த யாழ்ப்பாணத்துப் பையன் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி இந்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜியும் அதில் ஒன்று. ஏற்கெனவே போனில் இருந்தவர்களுக்கு இன்னும் சில வாரம் ஓடியது. அக்டோபர் 30ஆம் தேதியோடு அதுவும் நின்றது. அன்று அக்கா எனக்குப் போன்செய்து “சனியன் ஒழிஞ்சுது” என்றாள். நல்லதாயிற்று என்றேன் நானும். பையன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. பழக்கம் விட்டுப்போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். சாராயத்தை விட்டவனைப் பற்றிப் பேசுவதுபோல.

நான்கு வருஷம் கழித்துத்தான் அந்த வாரத்தை நான் சரியாக நினைத்துப் பார்த்தேன். பார்க்கவைத்தது ஒரு நார்வே நாட்டு ஆவணப்படம். பெஞ்சமின் ரே இயக்கி 2024இல் வெளியான ‘தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் ஐபெலின்’. தொடக்கத்தில் வீட்டில் எடுத்த பழைய வீடியோக்கள் வரும். தத்தி நடக்கும் ஒரு குழந்தை, பிறகு சக்கர நாற்காலி, பிறகு கணினிக்கு முன்னால் ஓர் இளைஞனின் முதுகு. எனக்கு ஜன்னலோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது.

மாட்ஸ் ஸ்டீன் 1989இல் பிறந்தவர். டுஷென் என்ற தசைநலிவு நோய். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, கடைசியில் மூச்சுக்கும் இதயத்துக்கும் வந்து சேரும் நோய். ஆஸ்லோ நகரத்தில் பெற்றோர் வீட்டின் கீழ்ப்பகுதியில் பராமரிப்பாளர்கள் துணையோடு இருந்தார். கை விரல்களில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். கடைசிப் பத்தாண்டில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டில் பதினைந்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் மணி நேரம் செலவிட்டார். 2014 நவம்பரில் இருபத்தைந்தாம் வயதில் இறந்தார். நண்பர் என்று ஒருவரும் இல்லாமல், காதல் என்று ஒன்றும் தெரியாமல், யாருக்கும் எந்தத் தடமும் விடாமல் மகன் போய்விட்டான் என்பதுதான் அப்பா ராபர்ட்டின் பெரிய துக்கமாக இருந்தது. மாட்ஸ் ஒரு வலைப்பதிவு எழுதிவந்தார். அதன் கடவுச்சொல்லை விட்டுச் சென்றிருந்தார். அதில் மகனின் மரணச் செய்தியை எழுதித் தன் மின்னஞ்சல் முகவரியைக் கீழே சேர்த்தார் அப்பா. பதில்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு நிற்கவே இல்லை. நீங்கள் அறியாத உங்கள் மகனை எங்களுக்குத் தெரியும் என்று எங்கெங்கோ இருந்த மனிதர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

அந்த உலகத்தில் மாட்ஸின் பெயர் ஐபெலின். கட்டுமஸ்தான உடம்பும் நீண்ட முடியும் உள்ள துப்பறிவாளன். அங்கே போனதும் முதல் காரியமாகக் காட்டுப் பாதையில் ஓடுவானாம். சண்டைக்கு அல்ல, எதையும் ஜெயிக்கவும் அல்ல, சும்மா ஓட. ‘ஸ்டார்லைட்’ என்ற முப்பது பேர் அளவுள்ள குழுவில் அவன் ஓர் ஆள். அந்தக் குழுவினர் தங்கள் உரையாடல்களை எழுத்தாகச் சேமித்துவைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள். படத்தில் நாம் பார்க்கும் ஐபெலின் வாழ்க்கை அதிலிருந்து எடுத்து உயிரூட்டப்பட்டது. யார் மனச்சோர்வில் கிடந்தார்கள், யாரை அவன் விடிய விடியப் பேசி எழுப்பினான், யாரோடு சண்டைபோட்டான், எல்லாம் அதில் இருக்கிறது. மாட்ஸ் புனிதர் இல்லை. நோயைப் பல வருஷம் மறைத்தார், நெருங்கி வந்தவர்களை வெட்டிப் பேசிக் காயப்படுத்தியும் இருக்கிறார். மனிதர்களோடு உண்மையாகப் புழங்குகிற யாரும் செய்கிற பிழைகள்தான் அவை. அடக்கத்துக்கு டென்மார்க்கிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் ஆட்கள் ஆஸ்லோவுக்கு வந்தார்கள். பெற்றோர் அவர்களை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள்.

படத்தில் வருகிற ஒரு டென்மார்க் தாயை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு ஆட்டிசம் உள்ள மகன். அவனும் அறையை விட்டு வராமல் அதே விளையாட்டில் கிடப்பவன். தொட விடமாட்டான், கட்டிப்பிடிக்க விடமாட்டான். அந்தத் தாயும் குழுவில் உறுப்பினர். ஐபெலினிடம் அழுதிருக்கிறார். உள்ளே வந்து அவனோடு சேர்ந்து விளையாடுங்கள் என்பதே ஐபெலின் தந்த யோசனை. தாய் அப்படியே செய்தார். ஒருநாள் விளையாட்டுக்குள் அந்தப் பையனின் உருவம் தாயின் உருவத்தைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டிலும் மெல்ல நெருங்கி வந்தான். தன் வீட்டில் மாட்ஸுக்குக் கிடைக்காத ஒன்றை மாட்ஸ் இன்னொரு வீட்டுக்கு வாங்கிக்கொடுத்திருக்கிறார். அவருடைய பெற்றோர் மகனுக்காக எதையும் செய்யக்கூடியவர்கள், செய்தவர்கள். அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நின்ற இடம்தான் முதுகுக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் ஒளிரும் ஒரு திரையும் அதன்முன் ஒரு தலையும்தான் தெரியும்.

படம் முடிந்த இரவில் அக்கா மகனுக்குப் போன்செய்தேன். இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு, விடுதியில் இருக்கிறான். “அந்த யாழ்ப்பாணத்துப் பையன் யாருலே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு “மாமா, அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

நால்வர் அணி அது. இவன், கூடப் படித்த வடசேரிப் பையன், ஏ.எல். என்னும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அண்ணன், தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த தென்காசிப் பக்கத்து இன்னொரு அண்ணன். தோஹா அண்ணனின் அறையில் எட்டுப் பேர். வேலை நின்றுபோய் ஊருக்கும் வர முடியாமல் கட்டிலில் கிடந்தவர். ஆட்டம் தொடங்கும் முன் அவர் கேட்கும் முதல் கேள்வி “எல்லாரும் சாப்டாச்சா?” என்பது. சாப்பிடாதவன் இருந்தால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்து அண்ணன் பரீட்சை நெருங்கியதும் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். நீயும் படிக்க வேண்டும் என்று இவனையும் விரட்டுவார். ஒருவருக்கொருவர் விளையாட்டுப் பெயர் மட்டுமே தெரியும். எண்களை வாங்கிவைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை, தினமும் பார்க்கிறவர்கள்தானே. அக்டோபர் முடிந்தபோது இலங்கையிலும் கத்தாரிலும் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவில் இருந்த இருவர் மட்டும் வெளியே நின்றார்கள். “தோஹா அண்ணன் ஊருக்கு வந்தாரான்னுகூடத் தெரியல மாமா” என்றான்.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எதிர்வீட்டுக் குடும்பம் மாற்றலாகித் திருச்சிக்குப் போனது. அந்த வீட்டுப் பையனும் நானும் ஒரே சைக்கிளில் போனவர்கள். லாரியில் சாமான் ஏறிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அன்று என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை; தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டுப் போனாள். அக்கா மகனுக்கு அப்படி ஒருநாள்கூட நாங்கள் கொடுக்கவில்லை. அவனுடைய துக்கத்தைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

என் தலைமுறைக்கு இந்த விளையாட்டுகள் அந்நியமும் இல்லை. தொண்ணூறுகளில் கோட்டாறில் ஒரு கேசட் கடையின் பின்னறையில் டிவி கேம் இருந்தது. மணிக்குப் பத்து ரூபாய். பத்து ரூபாய் யாரிடமும் தனியாக இருக்காது என்பதால் நான்கைந்து பேர் சேர்ந்துதான் போவோம். கேசட்டை வாயால் ஊதிச் செருகினால் ‘கான்ட்ரா’ வரும். இருவர் கையில் ஜாய்ஸ்டிக், மற்றவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பின்னால். அதில் ஓர் அருவிக் கட்டம் உண்டு. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஏற ஏறத் திரையும் மேலே நகரும். கீழே தங்கிவிட்டவன் திரையின் விளிம்புக்கு அடியில் போய்ச் செத்துவிடுவான். அவனைக் கொல்வது எதிரி இல்லை, முன்னால் போன கூட்டாளியின் அவசரம். அந்த அருவியில் நான் என் நண்பனை எத்தனை தடவை கொன்றிருக்கிறேன் என்று கணக்கில்லை. அவன் அழுதிருக்கிறான். ஜாய்ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறான். ஒரு பாறைக்கு ஒரு பாறை நின்று, “வா, வா, இப்பத் தாவு” என்று சொல்லி ஏற நான் பழகியதற்கு ஒரு கோடை விடுமுறை பிடித்தது. பின்னால் நின்றவர்கள்தான் அதைச் சொல்லித் தந்தார்கள். ஆடுகிறவனுக்குத் தெரியாதது பார்க்கிறவனுக்குத் தெரியும்.

இதை எழுதும்போது அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தின் ஒரு வகுப்பறை மனசில் வருகிறது. 1971. ஆசிரியப் பயிற்சியில் இருந்த டான் ராவிட்ச் என்ற இளைஞர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போன குடியேறிகளின் பாதை பாடம். கணிதம் நடத்திவந்த இரண்டு நண்பர்கள் நிரல் எழுதித் தர, மூவருமாகச் செய்தது ‘ஓரிகன் டிரெயில்’. திரைகூடக் கிடையாது. தொலைவிலிருந்த கணினியோடு தொலைபேசிக் கம்பியில் இணைந்த ஒரு தட்டச்சு எந்திரம், அது காகிதத்தில் கேள்வியை அடித்துத் தரும். உணவுக்கு எவ்வளவு செலவழிக்கிறாய், மாட்டுக்கு எவ்வளவு, வேட்டைக்குப் போகிறாயா. வகுப்பு முழுமைக்கும் ஒரே எந்திரம். ஆகவே பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் வரைபடம் பார்க்க, ஒருவர் பணக்கணக்குப் பார்க்க, வேகமாகத் தட்டத் தெரிந்தவர் வேட்டைக்கு. பிறகு பல லட்சம் அமெரிக்கப் பிள்ளைகள் ஆளுக்கொரு கணினியில் அதை ஆடினார்கள். என் மனம் என்னவோ அந்த ஒற்றை எந்திரத்தைச் சுற்றி நின்ற முதல் கூட்டத்திடம்தான் போகிறது. பற்றாக்குறை அவர்களைச் சேர்த்து உட்காரவைத்தது, எங்களைக் கோட்டாறுப் பின்னறையில் வைத்ததுபோல. ஆளுக்கொரு திரை வந்த பிறகு அப்படி உட்கார வேண்டிய கட்டாயம் போய்விட்டது. இனி நாமாக மனசுவைத்தால்தான் உண்டு.

அப்படி மனசுவைத்த ஒருவர் ஜேம்ஸ் பால் ஜீ. மொழியியல் அறிஞர், கல்வியாளர். சின்னப் பையனாக இருந்த மகன் ‘பஜாமா சாம்’ என்ற குழந்தைகள் விளையாட்டில் முட்டிக்கொண்டு நின்றபோது உதவி செய்யலாம் என்று தானே அதை ஆடிப் பார்த்தார். குழந்தை விளையாட்டு என்று நினைத்தது அவருக்கே கடினமாக இருந்தது, பிடித்தும் போனது. பிறகு பெரியவர்கள் ஆடுகிற ஒன்றை வாங்கி உட்கார்ந்து, படித்த தன் மூளை அதில் திணறுவதைக் கண்டார். 2003இல் அவர் எழுதிய புத்தகத்தில் நல்ல விளையாட்டுகள் கற்பிக்கும் விதத்தை 36 கொள்கைகளாகப் பிரித்துவைத்திருக்கிறார். அத்தனைக்கும் வேர், ஒரு தகப்பன் மகனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த அந்தப் பொழுது.

விளையாட்டு கற்றுத் தருகிறதா என்று கேட்டால் தருகிறது என்றுதான் சொல்வேன். அதன் முறை எனக்குச் சிறுவயதிலேயே தெரிந்த முறை. அம்மா எனக்குப் பல்லாங்குழி ஆடக் கற்றுத்தந்தாள் என்று சொல்வது சரியில்லை. எதிரே உட்கார்ந்து ஆடினாள். என் பக்கத்துக் குழியில் நான்கு முத்து சேர்ந்து பசு விழுந்தும் நான் கவனிக்காமல் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லித் தரமாட்டாள். கண்ணால் ஒரு தடவை அந்தக் குழியைப் பார்ப்பாள், அவ்வளவுதான். முதல் நாலைந்து நாள் எல்லா முத்தும் அவளிடம் போய்விடும். பிறகு எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்பது எனக்கு எண்ணாமலே தெரிய ஆரம்பித்தது. தோற்பதற்கு அங்கே தண்டனை இல்லை, இன்னொரு ஆட்டம் உண்டு. அருவிக் கட்டத்திலும் அப்படித்தான். நாற்பது தடவை செத்தாலும் அதை யாரும் முன்னேற்ற அறிக்கையில் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை தோற்றால் அது எழுத்தில் ஏறி, ஒரு மதிப்பெண்ணாகி, பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. தவறு செய்யப் பயப்படும் பிள்ளை புதிதாக ஒன்றைத் தொட்டுப் பார்ப்பதற்கும் பயப்படும். இந்த ஒரு விஷயத்தில் கேசட் கடைப் பின்னறை என் பள்ளிக்கூடத்தைவிட நல்ல பள்ளிக்கூடமாக இருந்தது என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

ஆனால் விளையாட்டில் கற்றது தானாக நடந்து புத்தகத்துக்குள் போய்விடாது. பப்ஜி திரையின் மேலே ஒரு திசைகாட்டி உண்டு, பாகை எண்களோடு. எதிரியைக் கண்டவன் “இருநூத்து நாப்பதுல ஆளு” என்று கத்த வேண்டும். மற்ற மூவரும் அந்த நொடியே தென்மேற்காகத் திரும்புவார்கள். அக்கா மகன் இதில் கெட்டிக்காரன். அதே மாதங்களில் ஆன்லைன் வகுப்பில் கோணங்கள் நடத்தினார்கள், பரீட்சையில் அதில்தான் அவன் குறைந்த மதிப்பெண் எடுத்தான். இரண்டும் ஒரே 360 பாகை வட்டம் என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆசிரியருக்கு விளையாட்டு தெரியாது. வட்டமும் கோணமும் எனக்கு நன்றாகத் தெரியும், முதுகுக்குப் பின்னால் நின்று “கணக்குப் போடுலே” என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

தானாகவே மூளை வளரும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ‘லுமோசிட்டி’ என்ற மூளைப் பயிற்சி விளையாட்டுகளின் நிறுவனம், ஆதாரம் இல்லாத வாக்குறுதிகளைத் தந்ததற்காக 2016 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பிள்ளை கையில் ஒரு ‘கல்விச் செயலி’யைக் கொடுத்துவிட்டு நாம் அந்தப் பக்கம் போய்விடலாம் என்ற ஆசைக்குக் கிடைத்த விலை என்றே அதை எடுத்துக்கொள்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்தால் அழுக்கும் தெரியும். தெரியத்தான் வேண்டும். தடைக்குப் பிறகு அக்கா மகன் வேறொரு விளையாட்டை இறக்கிக்கொண்டான். அதில் காசு கொடுத்துப் பெட்டி வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். நல்ல துப்பாக்கி உறை வரலாம், ஒன்றுக்கும் உதவாத சட்டையும் வரலாம். அக்காவின் கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆயிரத்து எண்ணூறு ரூபாய் போயிருந்தது. வீட்டில் அடி விழுந்தது. கோயில் திருவிழாவில் சட்டி உருட்டுகிறவனிடம் காசை விட்டுவிட்டு வருகிற பிள்ளையை அடிப்போமா, சட்டி உருட்டுகிறவனிடம் போய்ச் சண்டை போடுவோமா? பெல்ஜியம் 2018இல் இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று அறிவித்தது. இங்கே காசு வைத்து ஆடும் ரம்மியில் குடும்பங்கள் அழிந்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022இல் தமிழ்நாடு சட்டசபை மசோதா நிறைவேற்றி, ஆளுநர் திருப்பியனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அது சட்டமானது. அந்தச் சட்டத்தை முழு மனசோடு ஆதரிக்கிறேன். காசு பிடுங்குவதற்கென்றே செய்த ஒன்றை விளையாட்டு என்ற நல்ல சொல்லால் அழைப்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

நேரத்துக்குப் பூட்டுப் போடும் சட்டங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தென்கொரியா 2011இல் பதினாறு வயதுக்குக் கீழுள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைனில் ஆடக்கூடாது என்றது. பத்து வருஷம் கழித்து அதைக் கைவிட்டது. சீனா 2021இல் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறும் பொது விடுமுறை நாட்களும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும் என்றது. முதுகுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை அரசாங்கமும் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். தூக்கம், சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு மாதக்கணக்கில் நீளும் நிலை உண்மையிலேயே சிலருக்கு வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது மருத்துவர். திட்டு அவனை இன்னும் உள்ளே தள்ளும்.

போன பூஜை விடுமுறைக்கு அக்கா மகன் மடிக்கணினியோடு வந்திருந்தான். அதில் ‘வெண்பா’ வைத்திருந்தான். டொரண்டோவில் இருக்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு குழு செய்து 2023 ஜூலையில் வெளிவந்த விளையாட்டு. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போனதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்துமுடிக்க வேண்டும். செய்யச் செய்ய, தமிழ் பேசும் தாய்க்கும் தமிழிலிருந்து நழுவிப் போகும் மகனுக்கும் நடுவில் வருஷங்கள் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைக் கொடுத்தது.

மத்தியானம். அவன் முன்னறையில் அதே ஜன்னலோரம். நான் வழக்கம்போலக் கதவுப் பக்கம். புட்டுக் கட்டத்தில் மாட்டிக்கொண்டான். புட்டுக்குழல் திரையில் இருக்கிறது, மாவு இருக்கிறது, தேங்காய்த் துருவல் இருக்கிறது. எதற்குமேல் எது என்று நோட்டில் அழிந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் புட்டு தின்று வளர்ந்த பையன் ஒருநாளும் அடுப்படிக்குள் போய்ப் பார்த்ததில்லை.

“ஆச்சி, புட்டுக்கு மொதல்ல என்ன போடணும்?” என்று கத்தினான்.

“தட்டு” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

“என்ன தட்டு?”

பதில் வரவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவளே வந்தாள். குனிந்து பார்த்தவள், “லே, இது நம்ம புட்டுக்குழல்லா!” என்றாள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “அடியில அந்த ஓட்டத் தட்டப் போடு மக்களே. அது இல்லாம மாவக் கொட்டுனா எல்லாம் வெள்ளத்துல போயிரும்லா. இனி தேங்கா. கொஞ்சம். இப்ப மாவு. அமுக்காத, அமுக்காத, ஆவி எப்படி வரும்?”

திரைக்குள் ஆவி வந்தது. அவள் அவனுடைய தோளில் தட்டினாள்.

வெண்பாவும் பாவலனும் பேசுவது திரையில் ஆங்கில எழுத்தாக ஓடியது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. “என்ன சொல்லுகா?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டாள். அவன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான், எங்கள் ஊர்த் தமிழில். கவின் தமிழ் பேச மறுக்கும் இடத்தில் அவனுக்குக் குரல் இறங்கியது. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். “நீ என்ன பொறத்தால நிக்கா? அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு இரி.”

இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து அவனுடைய முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடுகிறான். சின்ன வயதில் அக்காவும் அப்படித்தான், பல்லாங்குழியில்.

“அந்தப் புள்ளைக்கு ஊரு எது மக்களே?” என்றாள் அம்மா.

“கனடாவுல இருக்கா ஆச்சி.”

“அது இருக்கட்டும். சொந்த ஊரு?”

“தெரியலியே.”

“கேளேன்” என்றாள்.